கீரையில் இல்லாததைக் கீரையில் தேடாதீங்க

முதலிலேயே சொல்லிடுறேன். எந்தக் கீரையிலும் பி12 கிடையாது. முருங்கையில் கிடையாது, அகத்தியில் கிடையாது, பொன்னாங்கண்ணியில் கிடையாது. பழைய சோற்றை நம்பியும் பி12க்கு உட்கார முடியாது. இதை யார் வேறு மாதிரி சொன்னாலும், அவர் எவ்வளவு பெரிய இயற்கை வைத்தியராக இருந்தாலும், நம்பாதீங்க.

பட்டணத்தில் இருந்து இதைப் படிக்கிற தம்பி தங்கச்சிகளில் சிலர் பாலையும் முட்டையையும் விட்டுட்டாங்க. வீகன் என்கிறாங்க, தமிழில் நனிசைவம் என்று எழுதுறாங்க. கறி, மீன், முட்டையோடு பால், தயிர், நெய், தேனும் கூடாது. "சத்து போதுமா?" என்று அவங்க கேட்டால் ரெண்டு பக்கத்திலிருந்தும் ரெண்டு பேர் ஓடி வர்றாங்க. ஒருத்தர், "இயற்கையே எல்லாம் தரும், நம்ம தாத்தா பாட்டி மாத்திரையா சாப்பிட்டாங்க?" என்று ஒரு மண்பானைப் படத்தை அனுப்புறார். இன்னொருத்தர், "செடியில் புரதமே இல்லை, இந்த டப்பாவை வாங்கு" என்று ஒரு பொடியை நீட்டுறார். ரெண்டு பேரும் சொல்றது பொய். ஆனா எனக்கு அதிகக் கோபம் முதல் ஆள் மேலதான். ஏன்னா அந்த மண்பானை எங்க வீட்டுப் பானை. எங்க பேரைச் சொல்லி அவர் பொய் சொல்றார்.

ஒன்றைத் தெளிவு பண்ணிக்கிறேன். நான் வீகன்களைக் கிண்டல் பண்ண வரலை. உயிர் மேல இரக்கம் என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு இல்லை. அந்த வார்த்தையைத்தான் 1944ல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் கூட இருந்தவங்களும் உண்டாக்கினாங்க. இரக்கம் நம்மகிட்ட பழசு. குறளில் புலால் மறுத்தல் என்று ஒரு அதிகாரமே இருக்கு. வடலூரில் வள்ளலார் இருந்த மண் இது.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்றேன். பால் விஷயத்தில் வீகன்கள் கேட்கிற கேள்வி நியாயமான கேள்வி. மாடு வச்சிருக்கிறவனுக்கு இது தெரியும். பசு கன்று போட்டால்தான் பால். போடுற கன்றில் பாதி கிடேரி, பாதி காளை. ஏர் ஓட்டின காலத்தில் காளைக்கு வேலை இருந்தது. இப்போ டிராக்டர் ஓடுது, சினைக்கு ஊசி போடுறாங்க. காளைக்கன்றை எத்தனை வீட்டில் வச்சுத் தீனி போட முடியும்? அது எங்கே போகுதுன்னு காப்பி குடிக்கிற எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசறதில்லை. பாலைக் குடிச்சுக்கிட்டே கறிக்கடைக்காரரைத் திட்டுகிற ஆளைவிட, பாலையும் விட்டுட்ட வீகன் நேர்மையான ஆள். அதனால அவங்க மேல எனக்கு மரியாதை உண்டு. மரியாதை இருக்கிறதால்தான் உண்மையைச் சொல்லணும்.

பி12 என்றால் என்ன என்று மாட்டை வச்சே சொல்றேன். மாடு புல்லும் வைக்கோலும்தான் தின்னுது, கறி தின்னலை. பிறகு பாலில் பி12 எப்படி வருது? மாட்டுக்கு வயிறு நாலு அறை. முதல் பெரிய அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கு. அதுகள்தான் பி12 செய்யுது. செடியாலும் செய்ய முடியாது, மாட்டு உடம்பாலும் செய்ய முடியாது. அந்த நுண்ணுயிர்களுக்கும் மூலப்பொருள் வேணும். அதுதான் கோபால்ட் என்கிற உலோகம். பி12க்கு கோபாலமின் என்று பேர் வந்ததே அதனாலதான். மண்ணில் கோபால்ட் குறைஞ்சால் தீவனத்தில் குறையும், தீவனத்தில் குறைஞ்சால் மாடு மெலியும். கால்நடை முகாமில் தாது உப்புக் கலவைப் பாக்கெட் தர்றாங்களே, அதன் அட்டையைத் திருப்பிப் பாருங்க, கோபால்ட் என்று எழுதியிருக்கும்.

இப்போ நம்ம உடம்புக்கு வருவோம். நம்ம குடலிலும் நுண்ணுயிர்கள் பி12 செய்யத்தான் செய்யுது. ஆனா அது பெருங்குடலில் நடக்குது. நம்ம உடம்பு பி12ஐ உறிஞ்சுவது அதுக்கு முந்தின சிறுகுடலின் கடைசிப் பகுதியில். மடை தாண்டின தண்ணீர் வயலுக்கு ஏறுமா? அதே கதைதான். முயலுக்கும் இதே சிக்கல் உண்டு. அது தன் புழுக்கையில் ஒரு பகுதியைத் தானே திரும்பத் தின்னு சரி பண்ணிக்குது. நமக்கு அந்த வழி வேண்டாம்னு நினைக்கிறேன்.

"அப்போ பழைய சோறு? இட்லி மாவு? புளிக்கிறப்போ நுண்ணுயிர் வருதே?" என்று கேட்பீங்க. பழைய சோறு நல்ல சாப்பாடு, நான் தினம் சாப்பிடுறவன். வயிற்றுக்குக் குளிர்ச்சி, செரிமானத்துக்கு நல்லது. ஆனா எல்லா நுண்ணுயிரும் பி12 செய்யாது. எல்லா மாடும் ஒரே அளவு பால் கறக்குமா? பானையில் எது வளருது, எவ்வளவு செய்யுது என்பதுக்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. சுருள்பாசி மாத்திரை, அதான் ஸ்பைருலினா, அதில் பி12 கொட்டிக் கிடக்குன்னு ஒரு விளம்பரம் ஓடுது. அதில் பெரும்பகுதி நம்ம உடம்பு எடுத்துக்க முடியாத போலி வடிவம். பூட்டுக்குள் நுழையும், திறக்காத சாவி மாதிரி. "கீரையைக் கழுவாம சாப்பிட்டால் மண்ணில் இருந்து பி12 வரும்" என்று ஒரு மேதாவி சொல்றார். கீரைப் பாத்தியில் என்னென்ன கிடக்கும்னு தெரிஞ்சவன் சொல்றேன், தயவுசெய்து கழுவிச் சாப்பிடுங்க. மண்ணிலிருந்து வருவது பி12 ஆக இருக்காது, குடல்புழுவாக இருக்கும்.

இந்தப் பொய் ஏன் இத்தனை நாள் நிக்குதுன்னா அதுக்கும் காரணம் உண்டு. ஒருத்தர் ஒரு நாளைக்குத் தேவைப்படுற பி12 ரெண்டு, ரெண்டரை மைக்ரோகிராம்தான். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டு அதில் ரெண்டு பங்கு. இதை ஈரல் சேர்த்து வச்சுக்கும். பாலை நிறுத்தினாலும் பழைய இருப்பு ரெண்டு மூணு வருஷம், சிலருக்கு அதுக்கு மேலயும் ஓடும். அதனால்தான், "நான் வீகனாகி ரெண்டு வருஷம் ஆச்சு, குதிரை மாதிரி இருக்கேன்" என்று சொல்ல முடியுது. பத்தாயத்தில் பழைய நெல் இருக்கிறவரைக்கும் வயல் விளையாதது தெரியாது. அடி தட்டினாத்தான் தெரியும்.

அடி தட்டுறப்போ எப்படித் தெரியும்? பாதம் மரத்துப்போகும், பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கும். கை விரலில் குறுகுறுப்பு, நாக்கு சிவந்து வழவழன்னு ஆகும், ஞாபக மறதி, காரணமில்லாத சோர்வு. இதில் ஒரு பொல்லாத சங்கதி இருக்கு. கீரையிலும் பயறிலும் ஃபோலேட் என்கிற இன்னொரு சத்து நிறைய உண்டு. 1930க்கு முன்னும் பின்னும் லூசி வில்ஸ் என்கிற ஆங்கில மருத்துவர் பம்பாயில் வந்து உட்கார்ந்து, மில் வேலைக்குப் போன கர்ப்பிணிப் பெண்களின் ரத்தசோகையை ஆராய்ந்தது இந்தச் சத்தைத் தேடித்தான். பி12 குறைஞ்சால் ரத்தம் கெடும், நரம்பும் கெடும். ஃபோலேட் நிறையப் போனால் ரத்தம் மட்டும் பார்வைக்குச் சரியாயிடும். நரம்பு உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டே இருக்கும். அதாவது கீரை நிறையச் சாப்பிடுற வீகனுக்கு அபாய மணி அடிக்காமலே போயிடலாம். நரம்பு ரொம்ப நாள் கெட்டுப்போனால் பிறகு முழுசாத் திரும்பாமலும் போகலாம்.

இன்னொரு எச்சரிக்கை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்காச் சாப்பிடுறவங்களுக்கும், வயிற்று எரிச்சலுக்கு தினம் மாத்திரை போடுறவங்களுக்கும் பி12 உறிஞ்சுவது ஏற்கெனவே குறையும். நாற்பது வயசுக்கு மேல சர்க்கரையோட வீகனாகிறவங்க ரெட்டைக் கவனமா இருக்கணும்.

சரி, என்ன பண்ணணும்? மாத்திரை போடணும். அவ்வளவுதான். வீகன் என்ற வார்த்தையை உண்டாக்கின அந்த இங்கிலாந்துச் சங்கமே, வீகன் சொசைட்டி, இதைத்தான் சொல்லுது. பி12 சேர்த்த உணவில் தினம் 3 மைக்ரோகிராமாவது எடுக்கணும். இல்லைன்னா தினம் 10 மைக்ரோகிராம் மாத்திரை, அதுவும் இல்லைன்னா வாரத்துக்கு 2000 மைக்ரோகிராம். ஒரே தடவையில் நிறையப் போட்டால் உடம்பு கொஞ்சம்தான் எடுக்கும், அதனால்தான் வாரக் கணக்கு இவ்வளவு பெரிசு. இதுக்கு ஆகிற செலவு ஒரு நாள் டீ செலவைத் தாண்டாது. "மாத்திரை செயற்கை" என்று சிலர் முகம் சுளிக்கிறாங்க. கடையில் விக்கிற பி12, தொட்டியில் பாக்டீரியாவை வளர்த்து எடுக்கிறது. மாட்டு வயிற்றில் நடப்பதைத் தொட்டியில் நடத்துறாங்க, கன்றுக்குட்டி யாரும் பட்டினி கிடக்காமல். இரக்கத்துக்காக வீகன் ஆனவங்க சந்தோஷப்பட வேண்டிய விஷயம் இது. மாத்திரை மேல் உறை ஜெலட்டினா என்று மட்டும் கேட்டு வாங்குங்க, அது மாட்டு எலும்பிலும் தோலிலும் எடுக்கிறது.

இனி அந்த மண்பானைப் படத்துக்கு வர்றேன். "தாத்தா பாட்டி வெறும் கஞ்சியும் கீரையும் சாப்பிட்டு நூறு வயசு இருந்தாங்க" என்கிறார். டெல்டாவில் பிறந்தவன் சொல்றேன், தமிழ்நாட்டில் எந்தச் சாதியும் எந்தக் காலத்திலும் வீகனா இருந்ததில்லை. சைவம் சாப்பிட்ட வீடுகளில் மோர் இல்லாத நாள் உண்டா? கூலிக்கு வந்த குடும்பங்கள் கஞ்சிக்குத் தொட்டுக்கிட்டது வெங்காயம் மட்டும் இல்லை. வாய்க்காலில் அயிரையும் கெண்டையும் பிடிச்சாங்க. வரப்பு வளையில் நண்டு பிடிச்சாங்க. வயலில் நத்தை பொறுக்கினாங்க. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து கருவாடு வரும். நத்தையிலும் மீனிலும் பி12 ஏராளம். யாரும் பேர் தெரிஞ்சு சாப்பிடலை, கிடைச்சது, சாப்பிட்டாங்க.

பிறகு பூச்சிமருந்து வந்தது. நத்தை போச்சு, நண்டு போச்சு, வாய்க்காலில் மீன் போச்சு. கூலிக்காரர் தட்டில் கஞ்சி மட்டும் மிச்சம். அது கொள்கை இல்லை, இல்லாமை. காசு இல்லாம கறி சாப்பிடாதவனை சைவம் என்று கணக்கு எழுதிக்கிட்டு, "பார், இவன் எவ்வளவு ஆரோக்கியம்" என்று பட்டணத்தில் உதாரணம் காட்டுறது அநியாயம். ஆரோக்கியமா இருந்தாங்களா? 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயசுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு நாட்டில் ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53. பாதிக்கு மேல. அதுக்கு முக்கியக் காரணம் இரும்புச்சத்துக் குறைவு, கூடவே மற்ற குறைகளும். நூறு வயசு வாழ்ந்த பாட்டியின் படம்தான் உங்களுக்கு வருது. பிரசவத்தில் போன பாட்டியின் படம் யாரும் எடுத்து வைக்கலை.

அடுத்தது பொடி விக்கிறவர். செடியில் புரதம் இல்லைன்னு பயமுறுத்தி டப்பாவை விக்கிறவர். 60 கிலோ எடையுள்ள ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு சுமார் 50 கிராம் புரதம் போதும். கணக்குப் போடுங்க. அரிசியோ சிறுதானியமோ கால் கிலோ, அதில் பதினெட்டு, இருபது கிராம். சாம்பார், இட்லியில் போற உளுந்து, சாயங்காலச் சுண்டல் எல்லாம் சேர்த்து பருப்பு நூறு கிராம், அதில் இருபத்திரெண்டு கிராம். ஒரு கைப்பிடி நிலக்கடலை, நாற்பது கிராம்னு வச்சுக்குங்க, அதில் பத்து கிராம். ஐம்பது வந்தாச்சு. ஆனா நிறைய வீட்டில் அந்த நூறு கிராம் பருப்பு தட்டுக்கு வர்றதில்லை. சாம்பாரில் பருப்பைத் தேடினால் முருங்கைக்காய்தான் கிடைக்குது. சோறு ஒரு மலை, பருப்பு ஒரு கரண்டி. பாலையும் முட்டையையும் நிறுத்திட்டு அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கிட்டால் அது வீகன் உணவு இல்லை, அரைப்பட்டினி. அரிசியில் லைசின் என்கிற புரதக் கூறு குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் குறையிறது அரிசியில் இருக்கு. ரெண்டும் ஒரே நாளில் சேர்ந்தால் போதும், அதுதான் இட்லி, பொங்கல், பருப்பு சாதம்.

பாதாம் பால் என்று ஒரு அட்டைப் பெட்டி வருது. முக்காலே மூணு வீசம் தண்ணீர். மாட்டுப்பாலில் இருக்கிற புரதத்தில் கால் பங்குகூட அதில் தேறாது. அதுக்குப் பதிலா நிலக்கடலையை ஊற வச்சு அரைச்சுப் பால் எடுக்கலாம், சோயாப் பால் எடுக்கலாம். ஒன்று மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. வீட்டில் எடுக்கிற எந்தச் செடிப் பாலிலும் பி12 இல்லை, சுண்ணாம்புச் சத்தும் மாட்டுப்பால் அளவுக்கு இல்லை. வெள்ளையா இருக்கிறதெல்லாம் பால் ஆகாது.

சுண்ணாம்புச் சத்துக்கு வேற வழி இருக்கு. கேழ்வரகில் நூறு கிராமுக்கு சுமார் 350 மில்லிகிராம். மாட்டுப்பாலில் நூறு மில்லிக்கு சுமார் 120தான். தோல் நீக்காத எள்ளில் நூறு கிராமுக்கு ஆயிரத்துக்கும் மேல. முருங்கைக்கீரையில் 300க்கு மேல. பெரியவங்களுக்கு தினம் ஆயிரம் வேணும். இதில் ஒரு நுணுக்கம்: பாலக் மாதிரிக் கீரைகளில் இருக்கிற ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடிச்சு வச்சுக்கும், உடம்புக்கு விடாது. எள் தோலிலும் அது உண்டு. அதனால எள்ளை வறுத்து இடிச்சுச் சாப்பிடுங்க, ஒரே பொருளை நம்பி உட்காராதீங்க. நடுச்சென்னையில் பாலக் கட்டு தேடி அலையறதைவிட ஒரு முருங்கைக்கொம்பு ஊன்ற இடம் கிடைக்குதா பாருங்க.

இரும்புச்சத்து செடியில் இருக்கு, ஆனா உடம்பில் லேசில் ஒட்டாது. ஒட்ட வைக்கிறது வைட்டமின் சி. சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய், இல்லை எலுமிச்சை பிழிஞ்ச சாலட், இல்லை ஒரு கொய்யா. ஒட்டவிடாம பண்றது டீயும் காப்பியும். சாப்பிட்ட கையோட பால் இல்லாத டீ குடிச்சுட்டு, "நான் வீகன் டீதான் குடிச்சேன்" என்றால் இரும்பு என்ன பண்ணும்? ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வச்சால் சட்டியிலிருந்தும் கொஞ்சம் இறங்கும். பயறை முளைகட்டினாலும், மாவைப் புளிக்க வச்சாலும், தானியத் தோலில் இருக்கிற ஃபைட்டேட் குறையும். அது குறைஞ்சால் இரும்பும் துத்தநாகமும் கூடுதலா ஒட்டும். பழைய சோறையும் இட்லியையும் பெருமைப்படுத்தணும்னா இதுக்காகப் பெருமைப்படுத்துங்க. இல்லாத பி12ஐச் சொல்லிப் பெருமைப்படுத்தாதீங்க.

துத்தநாகம் பற்றி விவசாயிதான் சொல்லணும். நம்ம நெல் வயல்கள் பலதில் துத்தநாகம் பற்றாக்குறை. நாற்று நட்டு ரெண்டு மூணு வாரத்தில் இலையில் பழுப்புப் புள்ளி விழும், பயிர் வளராம நிக்கும். ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து நடவுக்கு முன்னாடி தூவுறோம். மண்ணுக்கே வெளியிலிருந்து போட்டால்தான் உண்டு என்ற நிலை. "மண்ணே எல்லாச் சத்தும் தரும்" என்று எழுதுறவர் கடைசியா எப்போ மண்ணைத் தொட்டார்? பயறு, கடலை, எள், பூசணி விதை, இதெல்லாம் துத்தநாகத்துக்கு நல்லது.

மிச்சத்தைச் சுருக்கமாச் சொல்றேன். உப்பு: இந்துப்பும் கல்லுப்பும் நல்லதுன்னு மாறிட்டு, மீனும் பாலும் இல்லாம இருந்தால் அயோடினுக்கு எங்கே போவீங்க? அயோடின் சேர்த்த உப்பையே வாங்குங்க. வைட்டமின் டி: வெயில்தான். வயலில் நிக்கிற எங்களுக்குக் கவலையில்லை, ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்குத்தான் கவலை. அது கறி சாப்பிட்டாலும் உண்டு, வீகனா இருந்தாலும் உண்டு. டி3 மாத்திரை வாங்கினால் அது பெரும்பாலும் ஆட்டு ரோமத்துக் கொழுப்பிலிருந்து எடுத்தது, வீகனுக்கு ஆகாது. டி2 என்றோ பாசிச்செடியிலிருந்து எடுத்தது என்றோ கேட்டு வாங்குங்க. ஒமேகா 3: ஆளிவிதையை இடிச்சு ஒரு கரண்டி சாப்பிடுங்க. மீனுக்கே அந்தக் கொழுப்பு கடல் பாசியிலிருந்துதான் வருது, அந்தப் பாசி எண்ணெயும் இப்போ கிடைக்குது.

ஒரு வேடிக்கை சொல்றேன். பி12 சேர்த்த வீகன் சாப்பாடு ஏற்கெனவே எங்க ஊர் ரேஷன் கடையில் இருந்தது. செறிவூட்டப்பட்ட அரிசி என்று சில வருஷம் கலந்து தந்தாங்க. அதில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூணும் சேர்த்திருந்தாங்க. தண்ணீரில் போட்டால் சில மணிகள் மிதக்கும். உடனே "பிளாஸ்டிக் அரிசி" என்று ஒரு வீடியோ கிளம்பிடுச்சு, பெண்கள் அந்த மணிகளைப் பொறுக்கி வெளியே போட்டாங்க. அதில் பி12 கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம் அளவுதான், ஒரு நாள் சோற்றில் கால் மைக்ரோகிராம் தேறும். வீகனுக்கு இது பத்தாது. ஆனா பழைய சோற்றில் இல்லாத பி12ஐப் பரப்பின அதே வாட்ஸ்அப், அரிசியில் உண்மையாவே இருந்த பி12ஐத் தூக்கி எறிய வச்சிருக்கு பாருங்க.

கடைசியா, எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம். வயசு வந்தவங்க எதைச் சாப்பிடணும், எதை விடணும் என்பது அவங்க விருப்பம். கர்ப்பமா இருக்கிற பெண்ணும், பால் கொடுக்கிற தாயும், வளருகிற குழந்தையும் அப்படி இல்லை. தாய்க்கு பி12 இல்லைன்னா தாய்ப்பாலிலும் இருக்காது. அப்படிப்பட்ட கைக்குழந்தை தலை நிக்காம, சிரிப்பு மறந்து, கை கால் நடுங்கி ஆஸ்பத்திரிக்கு வருவதை நம்ம நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் பல வருஷமாப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. வீட்டில் குழந்தையை வீகனா வளர்க்கணும்னா டாக்டரிடம் சொல்லி, மாத்திரையோடு, எடை உயரம் பார்த்து வளருங்க. யூடியூபை நம்பி வளர்க்காதீங்க.

அதே மாதிரி, சத்துணவு முட்டை மேல கை வைக்காதீங்க. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு முட்டை போடுறாங்க, வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வாழைப்பழம் தர்றாங்க. கட்டாயம் யாருக்கும் இல்லை. வேற மாநிலங்களில் இந்த முட்டையை நிறுத்தச் சொல்லிப் பெரிய சண்டையே நடந்தது. மத்தியப் பிரதேசத்தில் 2015ல் அங்கன்வாடியில் முட்டை வேண்டாம் என்று அரசே முடிவு பண்ணியது. கர்நாடகத்தில் 2021ல் மடாதிபதிகள் எதிர்த்தாங்க. அதுக்கு இப்போ இரக்கம் என்று புதுப் பேர் வச்சு சில வீகன்களும் தலையாட்டுறாங்க. மாத்திரை வாங்கக் காசும், ரத்தப் பரிசோதனைக்கு ஆளும், பாதாமுக்கும் ஆளிவிதைக்கும் வழியும் இருக்கிறவங்க முட்டையை விடலாம். அது அவங்க தியாகம். கூலி வேலைக்குப் போற அம்மாவின் பிள்ளைக்கு வாரத்தில் நிச்சயமாக் கிடைக்கிற நல்ல புரதமும் பி12உம் அந்த முட்டைதான். அதை எடுத்துட்டு அந்தப் பிள்ளைக்கு நீங்க மாத்திரை வாங்கித் தரப் போறதில்லை. உங்க தட்டு உங்க உரிமை, அந்தப் பிள்ளை தட்டு அதன் உரிமை.

இரக்கம் காட்ட இன்னொரு வழி இருக்கு, அதையும் கேளுங்க. தை மாசத்தில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி, நெல் நிக்கிற வயலிலேயே மெழுகு பதத்தில் உளுந்தும் பயறும் தெளிக்கிறது எங்க பழக்கம். உழவு இல்லை, உரம் அதிகம் இல்லை, பனி ஈரத்திலேயே விளையும், மண்ணுக்குத் தழைச்சத்தும் கொடுக்கும். 2024-25ல் உளுந்துக்கு அரசு சொன்ன ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7400 ரூபாய், கிலோ 74. அந்த விலைகூட நிறைய நேரம் களத்தில் கிடைக்கிறதில்லை. கிலோவில் இருநூறு கிராமுக்கு மேல புரதம் உள்ள பொருள் இது. நீங்க ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குற புரதப் பொடியில் கனடாப் பட்டாணி இருக்கு, கடையில் வாங்குற உளுந்தில் பர்மா உளுந்து இருக்கு. எங்க ஊரில் பயறு தெளிக்கிறதையே நிறையப் பேர் விட்டுட்டாங்க.

அதனால வீகன் தம்பி தங்கச்சிகளுக்கு நான் சொல்றது இதுதான். வீகனாகிறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை பி12 அளவை ரத்தத்தில் பாருங்க. மாத்திரையை மறைக்காம, வெட்கப்படாம போடுங்க. யாராவது கேட்டால், "ஆமா, மாத்திரை போடுறேன், மாட்டுக்கே தாது உப்பு வைக்கிறாங்க" என்று சொல்லுங்க. பொடி டப்பாவுக்கு வச்சிருக்கிற காசில் மாசம் நாலு கிலோ பருப்பும் ரெண்டு கிலோ கடலையும் ஒரு கிலோ எள்ளும் வாங்குங்க, முடிஞ்சால் விளைவிக்கிறவங்ககிட்ட நேரா வாங்குங்க. பழைய சோற்றில் பி12 என்று யாராவது படம் அனுப்பினால், அடுத்த ஆளுக்கு அனுப்பாம, அனுப்பினவருக்கே தப்புன்னு எழுதிப் போடுங்க.